அணைக்குக் கீழே ஆள் இல்லை

அத்தியாயம் 5

"லஞ்சம் வாங்கினேன்னு நானே சொல்றேன். இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?"

பெர்னார்ட் இதைச் சொல்லிவிட்டு, ஆறி ஆடை கட்டியிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தார். லஞ்சம் வாங்கியவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். வாங்கவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். வாங்கினேன், வாங்கினேன் என்று அடம்பிடிக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

நான் ரக்ஷனா. துப்பறிவாளர் அஹமது கபீரின் உதவியாளர். சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே உண்மையைக் கண்டுபிடிப்போம். கபீர் சார் முன்னாள் போலீஸ்காரர், பேச்சு குறைவு. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன் என்று அவரே வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வழக்கு இதுதான். காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில், மெலாத்தி தோட்டம் என்று ஒன்று. முதலாளி திலீப், சிங்கப்பூர்க்காரர். தோட்டத்துக்குள் தண்ணீர் தேக்க அவருக்குச் சொந்தமாக ஒரு மண் அணை இருந்தது. டிசம்பர் மழையில் அது உடைந்து, கீழே தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த அணையைப் போய்ப் பார்த்து 'குறைந்த ஆபத்து' என்று வகைப்படுத்திக் கையெழுத்துப் போட்ட இஞ்சினியர் இந்த பெர்னார்ட். நாளைக் காலை விசாரணைக் குழுவின் முன்னால், காசுக்காகச் செய்தேன் என்று சொல்லப் போகிறார்.

எங்களை அமர்த்தியவர் அவர் மனைவி பிரிஜட். "என் வீட்டுக்காரர் பொய் சொல்றார். ஏன்னு கண்டுபிடிங்க" என்றார். அதற்காகத்தான் பொங்கோலில் அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

"திலீப் குடுக்கலைங்கறாரே" என்றார் கபீர்.

"குடுத்தவன் எப்ப சார் ஒத்துக்கிட்டான்?"

"வாங்கினதை என்ன பண்ணீங்க?"

"செலவாயிடுச்சு."

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சோபா கிழிசலில் டேப் ஒட்டியிருந்தது. மேலே ஃபேன் இருமிக்கொண்டிருந்தது.

"எதுல அங்கிள்? இந்த ஃபேன்லயா?"

பிரிஜட் ஆன்ட்டி சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

கபீர் பேச்சை மாற்றினார். "குறைந்த ஆபத்துன்னா அணை பலமா இருக்குன்னு அர்த்தமா?"

"இல்ல." அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பெர்னார்டின் முகத்தில் உயிர் வந்தது. "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அணை எப்படி இருக்குங்கறது வேற. ஆபத்து வகைங்கறது, அது உடைஞ்சா கீழ யாருக்கு என்ன ஆகும்ங்கறது. கல்லு மாதிரி அணை, கீழ ஒரு குடும்பம் இருந்தாலும் உயர்ந்த ஆபத்து. ஓட்டை அணை, கீழ வெறும் காடுன்னா குறைந்த ஆபத்து."

"அதனால என்ன வித்தியாசம்?"

"எல்லாமே. உயர்ந்த ஆபத்துன்னா வருஷா வருஷம் பரிசோதனை, கசிவு பாக்க ஆள், சைரன், மழைக்காலத்துல கீழ இருக்கறவங்களை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு திட்டம். குறைந்த ஆபத்துன்னா..." கையை விரித்தார். "யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

"கீழ மூணு பேர் செத்திருக்காங்களே அங்கிள்."

"நாங்க பாத்தப்ப அங்க யாரும் இல்ல. பழைய லயம், காலியாக் கிடந்துச்சு. அப்புறம்தான் ஆளுங்க குடிவந்தாங்க. திலீப் எனக்குச் சொன்னார். நான் வகையை மாத்தியிருக்கணும். மாத்தாம இருக்கக் காசு குடுத்தார், வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான்."

பள்ளியில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"நாங்கன்னா?" என்றார் கபீர்.

"நானும் என் மக ஈவாவும். அவளும் இஞ்சினியர், அப்ப என்கூடத்தான் வேலை பாத்தா. எனக்கு முட்டி சரியில்ல, அணை மேலயே நின்னுட்டேன். அவதான் கீழ நடந்து பாத்தா. அவ பாத்தது சரி. அன்னிக்கு யாரும் இல்ல. அவ சரியாத்தான் பாத்தா."

லிஃப்டில் இறங்கும்போது கபீர் கேட்டார். "கவனிச்சியா?"

"டீ நல்லா இல்ல சார்."

"குத்தத்தை ஒத்துக்கற ஆள் தன்னைப் பத்திப் பேசுவான். இவர் மகள் சரியாப் பாத்தான்னு ரெண்டு தடவை சொன்னார். நாம அந்தப் பொண்ணைப் பத்திக் கேக்கவே இல்லையே."

பிறகு லிஃப்ட் திறக்கும்வரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "லயத்துல ஆளுங்க எப்ப குடிவந்தாங்க? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

---

ஈவாவை தேக்கா சந்தைக் கடைத்தொகுதியில் பிடித்தோம். இருபத்தாறு வயது. முன்னால் இருந்த கோப்பியைத் தொடவே இல்லை.

"டாடிகூட நான் பேசறதில்ல. ஜனவரியிலேருந்து. வீட்டைவிட்டே வந்துட்டேன்" என்றாள். "எனக்கு ஃபர்ஸ்ட் டே வேலைக்குப் போனப்ப என்ன சொல்லிக் குடுத்தார் தெரியுமா? நம்ம சைன் போட்டா அதை நம்பி யாரோ தூங்குவாங்கன்னு. இப்ப பாருங்க."

"ஆளுங்க அப்புறமா குடிவந்ததா அவரே உன்கிட்ட சொன்னாரா?" கபீர் கேட்டார்.

"நான்தான் கேட்டேன். நியூஸ் பாத்ததும் ஓடிப்போய், டாடி, நான் நடந்தப்ப அங்க யாருமே இல்லையேன்னு கேட்டேன். ஆமா, அப்புறம் வந்தாங்க, எனக்குத் தெரியும், காசு வாங்கிட்டு சும்மா இருந்துட்டேன்னு சொன்னார். மூஞ்சியப் பாத்துச் சொன்னார் சார்." அவள் குரல் உடைந்தது. "அந்த மூணு பேரும் அவர் பாக்கெட்ல இருக்காங்க. எப்படி டாடின்னு கூப்பிடறது?"

"நீ பாத்தப்ப காலிதானே?" என்றேன்.

"ஓனர் திலீப்பே சொன்னார், பழைய லயம், எல்லாரும் எப்பவோ போயாச்சுன்னு. நானும் இறங்கிப் போய் பாத்தேன்லா. எல்லா வீடும் பூட்டிக் கிடந்துச்சு. ஈ காக்கா இல்ல. வேணும்னா போட்டோ இருக்கு."

அனுப்பினாள். தகரக் கூரை போட்ட வீடுகள் ஒரே வரிசையில். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. பார்த்தால் யாருக்கும் ஆளில்லாத இடம் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

---

இந்த வழக்கில் எனக்கு ஆத்திரமூட்டிய விஷயம் ஒன்று உண்டு. விசாரணையில் முதலாளியைக் கேட்டார்கள், இஞ்சினியரைக் கேட்டார்கள், இன்சூரன்ஸ்காரரைக் கேட்டார்கள். லயத்தில் மிஞ்சியவர்களிடம், நீங்கள் அங்கே எப்போது வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

மிஞ்சியவர்களில் ஒருவர் நாங்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். மங்களம் அக்கா. கேம்பல் லேனில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார். ஜொகூரிலிருந்து தினமும் விடியலில் காஸ்வே தாண்டி வந்து போகிறவர். அணை உடைந்த அன்றும் இங்கேதான் வேலையில் இருந்தார். அதனால் அவர் பிழைத்தார். அவர் கணவர் அண்ணாதுரை பிழைக்கவில்லை.

"எப்ப குடிவந்தோமா?" அவர் நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். "நான் கல்யாணமாகி வந்ததே அந்த லயத்துக்குத்தான்மா. எங்க வீட்டுக்காரர் பொறந்ததே அங்கதான். எங்க போனோம், திரும்ப வர்றதுக்கு?"

நான் கபீரைப் பார்த்தேன். அப்படியானால் ஈவா பொய் சொல்கிறாளா? போட்டோவை அக்காவிடம் நீட்டினேன்.

பூத் தண்ணீர் சொட்டும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு போனை வாங்கினார். விரலால் ஒரு கதவைத் தொட்டார். தொட்டதும் படம் பெரிதாகிவிட்டது.

"இது எங்க வீடு."

படம் பெரிதானதும் எனக்கும் கண் திறந்தது. கதவு பழையது. ஆனால் பூட்டு பளபளவென்று மின்னியது.

"சார், காலி வீட்டுக்கு யாராவது புதுப் பூட்டு வாங்கிப் போடுவாங்களா? என்னத்தைக் காப்பாத்த, கரப்பான்பூச்சியையா?"

கபீர் சிரிக்கவில்லை. பூட்டுக்குப் பக்கத்தில், சுவரோரத் துணிக்கொடியைக் காட்டினார். ஏதோ பழந்துணி என்று நான் விட்டிருந்தேன். மஞ்சள் வேட்டி. காய்ந்துகொண்டிருந்தது.

"அது அவரோடதுதான்" என்றார் மங்களம் அக்கா. "விரதத்துக்கு மாத்திக் கட்ட ரெண்டு வச்சிருந்தாரு. இது என்னிக்கு எடுத்தது?"

ஒரு வேகத்தில் நான் அங்கேயே ஈவாவுக்குச் செய்தி தட்டினேன். போட்டோ எடுத்தது எந்தத் தேதி, கேம்பல் லேன் பூக்கடையில் அந்த லயத்து அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் கேட்கிறார் என்று. உடனே பதில் வந்தது. போன வருஷம் பிப்ரவரி பதினொன்று.

சத்தமாகப் படித்தேன். மங்களம் அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்பது இருந்தது.

"அன்னிக்குத் தைப்பூசம்மா."

கபீர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவருக்கு முதல் காவடி. எனக்கு உடம்பு முடியாம போயி, பொழைக்க மாட்டேன்னுட்டாங்க. பொழைச்சதுக்கு வேண்டுதல். வழக்கமா தைப்பூசத்துக்கு லயத்துல வயசானவங்க வீட்டுலயே இருந்துருவாங்க, நடக்க முடியாதுல்ல. அந்த வருஷம் நான்தான் விடல. பஸ் பேசி ஒருத்தர் பாக்கியில்லாம கூட்டிட்டுப் போனேன். கேட்ல இருக்கற பங்களாதேஷ் தம்பி ஒருத்தன்தான் நின்னான், அவனும் புதுசு." அவர் இன்னும் போனைத் திருப்பித் தரவில்லை. "இந்தப் படத்தை எனக்கு அனுப்புறியாம்மா? எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. அவரு துணி காயிற மாதிரி ஒண்ணு இருக்கட்டும்."

அனுப்பினேன்.

தெருவுக்கு வந்ததும் கபீர் நடைபாதைத் தூணில் சாய்ந்தார். எனக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்திருக்க வேண்டாம் என்று இருந்தது. தைப்பூசத்துக்கு அந்தப் பக்கம் விடுமுறை, இங்கே வேலை நாள். பொங்கோலில் வளர்ந்து ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகும் ஈவாவுக்கு அன்று வெறும் செவ்வாய்க்கிழமை. அவள் அப்பாவுக்கும் அப்படியே. பூட்டிய கதவைப் பார்த்தாள், காலி என்று எழுதினாள்.

"அப்ப லஞ்சமே இல்ல சார்."

"இல்ல. திலீப் பேச்சை நம்பி அந்தப் பொண்ணு பண்ணின தப்பு. அவளுக்கே தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் அந்த மனுஷன் திருடன் பட்டத்தைத் தலையில போட்டுக்கிட்டார்."

---

பெர்னார்ட் மறுக்கவில்லை. அவர்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த சிமெண்டு மேசையில் பிரிஜட்டும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"டிவியில லயத்து அம்மா ஒருத்தங்க பேசினதைப் பாத்தேன்" என்றார். "கல்யாணமாகி வந்ததுலேருந்து இங்கதான்னு சொன்னாங்க. அப்பதான் தேதியைப் பாத்தேன். நான் இங்க புக்கிட் மேரால பொறந்து வளந்தவன் சார். சின்ன வயசுல கூட்டாளிங்களோட காவடி பின்னாடி ஓடியிருக்கேன். எனக்குத் தோணியிருக்கணும். தோணல."

"ஈவாகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"என்னன்னு? அவங்க இருந்தாங்கம்மா, நீ சரியா பாக்கலன்னா?" அவர் குரல் உயரவில்லை. "இருபத்தாறு வயசுப் பொண்ணு. மூணு பேரை ஆயுசு முழுக்கத் தூக்கிட்டுத் திரிவா. என்னைத் திருடன்னு நினைச்சா கோபம்தான் வரும். கோபத்தோட மனுஷன் உயிர் வாழ்ந்துருவான். மத்ததோட முடியாது."

கபீர் பிரிஜட் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் நிரபராதின்னு நாளைக்கு என்னால நிரூபிக்க முடியும் மேடம். அதுக்கு உங்க மகளைக் காட்டணும். நீங்க சொல்றதுதான்."

அந்த அம்மா கணவரின் கையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலையில் இவரைக் காப்பாற்றத்தான் எங்களுக்கு டீ போட்டார்.

"கேஸ் இதோட போதும் மிஸ்டர் கபீர். அவர் திருடனாவே இருக்கட்டும்."

கபீர் தலையாட்டினார். அவர் ஒரு வழக்கைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. அன்று விட்டார். நானும் மனசார விட்டேன்.

அப்போது என் போன் அடித்தது. மங்களம் அக்கா.

"ரக்ஷனா, இங்க ஒரு பொண்ணு வந்து நிக்கிது. உன் போன்ல இருந்த அதே படத்தைக் காட்டி, இந்த வீட்டுல எப்பலேருந்து இருந்தீங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். அன்னிக்குத் தைப்பூசம்னும் சொன்னேன். அப்புடியே கீழ உக்காந்துடுச்சும்மா. அழுவக்கூட மாட்டேங்குது. யாரு இது?"

தேதியைக் கேட்டு நான் அனுப்பிய செய்தி. கடையின் தெருவைக்கூடச் சொல்லிவிட்டிருந்தேன். கபீர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்காவின் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். பெர்னார்ட் ஏற்கெனவே எழுந்துவிட்டார். வலிக்கிற முட்டியோடு டாக்சி நிறுத்தத்துக்கு ஓடினார்.

---

பூக்கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். பூக்கூடைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈவா உட்கார்ந்திருந்தாள். மங்களம் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் வைத்திருந்தார். யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறோம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"டாடி" என்றாள் ஈவா. ஜனவரியிலிருந்து கூப்பிடாத வார்த்தை. பெர்னார்ட் அதற்கே அழுதுவிட்டார்.

"ஈவா, வீட்டுக்கு வா. நாளைக்கு நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காத."

"என்ன பேசுவீங்க? இவங்க ஹஸ்பண்டைக் காசுக்காக விட்டுட்டேன்னா? அதை இப்ப இவங்க முன்னாடி சொல்லுங்க டாடி."

அவர் மங்களம் அக்காவின் முகத்தைப் பார்த்தார். வீட்டில் அவ்வளவு சரளமாக வந்த செய்யுள் அங்கே வரவில்லை.

"இவர் காசு வாங்கல ஆன்ட்டி" என்றாள் ஈவா. "அந்த போட்டோ நான் எடுத்தது. உங்க அணைக்குக் கீழ ஆளே இல்லன்னு சொன்னது நான். தைப்பூசம்னு எனக்குத் தெரியாது. ஆளில்லன்னு எழுதினதாலதான் அப்புறம் யாருமே வந்து பாக்கல. சைரன் இல்ல. எதுவுமே இல்ல. நாளைக்கு விசாரணையில நான் சொல்லப் போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

"கையெழுத்து என்னோடது" என்றார் பெர்னார்ட். குரல் மெல்லத்தான் கேட்டது. "மேல நின்னுட்டே போட்டேன்மா. நானும் வர்றேன். ரெண்டு பேரும் சொல்லுவோம்."

கபீர் என் தோளைத் தொட்டு வெளியே இழுத்தார். நான் நகரவில்லை.

மங்களம் அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஈவாவின் எதிரில் மெதுவாகக் குந்தினார்.

"கதவைத் தட்டினியாம்மா?"

ஈவாவின் கையில் பாட்டில் சரிந்தது.

"இல்ல ஆன்ட்டி. பூட்டு போட்டிருந்துச்சு."

"ஆமா" என்றார் அக்கா. அந்தப் பெண்ணின் கையிலிருந்து சரிந்த பாட்டிலை வாங்கி மூடி போட்டார். "தட்டியிருந்தாலும் யாரு இருந்தா, திறக்கறதுக்கு? நான்தானே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டேன்."